ஐவரிக்கும் ஸ்டோனுக்கும் நடுவே ஒரு சுவர்

கல்லடி,
9.3.1937, செவ்வாய்,
இரவு பதினொன்றரை.

என்னைச் சிறு வயதிலிருந்து பொறுத்துப் பொறுத்துப் பழகிப்போன அக்காவுக்கு, தங்கை தங்கேஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது.

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பதுளையில் இந்தக் கடிதம் பகலில்தான் வந்து சேரும், ஆகையால் மன்னிப்புக்கு இடமில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் எழுத்துச் சரிந்து சரிந்து கிடப்பதைப் பார்த்து எனக்கு ஏதோ வருத்தம் என்று அத்தானிடம் சொல்லிவிடாதீர்கள். பிள்ளை மடியில் கிடக்கிறாள், இடக்கை அவள் தலைக்குக் கீழே, கடதாசியைப் பிடிக்கக் கையில்லாததால் அதன்மேல் லாம்பை வைத்திருக்கிறேன். லாம்பை நகர்த்தி நகர்த்தித்தான் ஒவ்வொரு வரியும் எழுதுகிறேன். இவ்விடம் எல்லோரும் மாமாங்கேஸ்வரர் துணையால் சுகம். அவ்விடமும் குளிரைத் தவிர வேறு குறையில்லை என்று நம்புகிறேன்.

விஷயம் ஒன்றே ஒன்றுதான். நடுவறைக்கும் படுக்கை அறைக்கும் ஐவரி பூசுவதா, ஸ்டோன் பூசுவதா?

இரண்டும் டிஸ்டெம்பர் என்ற தூள். தண்ணீரில் கரைத்துச் சுண்ணாம்புக்குப் பதிலாகச் சுவரில் பூசுவது. ஐவரி வெள்ளைதான், ஆனால் நெய்ச்சோற்றுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்த வெள்ளை. ஸ்டோனும் வெள்ளைதான், ஆனால் மழை வரப்போகிறது என்று தெரிந்துகொண்ட வெள்ளை. இதற்குமேல் வித்தியாசம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பதின்மூன்று நாளாக இதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சுவருக்கு இவ்வளவு அலட்டலா என்று நீங்கள் கேட்பீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். வருகிற திங்கட்கிழமை பிள்ளைக்கு முதல் முதலாகச் சோறு தீத்துகிறோம். கோயிலில் பூசை, பிறகு வீட்டில் சாப்பாடு. கல்முனையிலிருந்து மாமி வருகிறார். கல்யாணத்துக்குப் பிறகு மாமி இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைப்பது இதுதான் முதல் தடவை. இந்த மாரியில் பிள்ளைக்கு இரண்டு தரம் நெஞ்சில் சளி கட்டியதை உங்களுக்கு எழுதியிருந்தேன். அது கல்முனைக்கும் எட்டி, "வாவிக்கரை வீடு புள்ளைக்கு ஆகாது, சுவர் ஈரம் முழுக்க நெஞ்சுக்க ஏறுது, புள்ளையக் கொண்டு எங்கட வீட்டுக்கு வந்திருங்க" என்று மாமி சொல்லி அனுப்பியிருக்கிறார். அதே கிழமை பார்த்து இவருக்குக் கல்முனைக் கந்தோருக்கு மாற்றம் வேண்டுமா என்று, இவர் வேலை செய்யும் கச்சேரியில் கேட்டிருக்கிறார்கள். மாச முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். இவர் என்ன சொன்னார் தெரியுமா? "அம்மா வந்து வீட்டப் பாக்கட்டும். அவ சரி எண்டா இரிப்பம், இல்லாட்டிப் போவம்." இவருக்கு எதையும் முடிவு செய்ய இன்னொருவர் வேண்டும். எனக்கும் அப்படித்தான். பிள்ளை யாரைக் கொண்டு பிறந்திருப்பாளோ என்று நினைத்தால் நித்திரை வருவதில்லை.

இந்த வீடு தாய்வழி வந்த வீடு. மூத்த மகள் என்று உங்களுக்கே அம்மா வைத்திருந்தார். அத்தானுக்குப் பதுளையில் தபால் கந்தோர் வேலை கிடைத்து நீங்கள் மலையேறிப் போனதால் என் பெயரில் சீதனமாக எழுதிவிட்டு, அம்மாவும் அப்பாவும் பின்வளவுச் சின்ன வீட்டுக்குப் போனார்கள். ஆகவே, நியாயமாகப் பார்த்தால் இது உங்கள் சுவர். நான் உங்களிடம் கேட்பதில் தப்பேதும் இல்லை. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து இருக்கிற ஊரில், சொந்த வீட்டைப் பூட்டிப்போட்டு மாமி வீட்டில் போய்க் குடியிருக்கிறவளைப் பற்றிக் கிணற்றடியில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கிணற்றடியில் நாமும் நின்று பேசியிருக்கிறோம்.

சுவர் இப்போது எப்படி என்றால், மாரி போய் இவ்வளவு நாளாகியும் தரையிலிருந்து இரண்டு முழ உயரத்துக்கு உப்புப் பூத்து, இடையிடையே பாசியும் படர்ந்து, கொலிஜில் மாட்டியிருந்த பூகோளப் படம் மாதிரி இருக்கிறது. தொட்டிலுக்குப் பின்பக்கம் ஆபிரிக்கா. இதை மறைக்கச் சுண்ணாம்பு காணாது என்றுதான் டவுனுக்குப் போய் மர்சூக் முதலாளியின் கடையில் டிஸ்டெம்பர் கேட்டேன். அவர் இருபத்துநான்கு நிறம் போட்ட அட்டை ஒன்றைக் காட்டினார். இரண்டு மணி நேரம் அதைப் பார்த்து, இளம்பச்சை ஒன்றை மனசுக்குள் தீர்மானித்து, என் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு முடிவு எடுத்துவிட்டேன் என்று நிமிர்ந்தபோது, "தங்கச்சி, அட்டையில இரிக்கிற இருவத்திநாலு. கடையில இரிக்கிற ரெண்டு" என்றார். அந்த இரண்டும் வெள்ளை.

இரண்டிலும் கொஞ்சம் வாங்கி வந்து நடுவறைச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் சதுரமாகப் பூசிப் பார்த்தேன். காலையில் சவரம் செய்துகொண்டிருந்த இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ரெண்டும் வெள்ளதானே?" என்றார்.

"வடிவாப் பாருங்க. ஒண்டில மஞ்சள் ஓடுது."

"எதில?"

"இடக்கைப் பக்கம்."

"ஓம், ஓடுது."

"வலக்கைப் பக்கம்?"

"அதிலயும் ஓடுது."

"அதில சாம்பல் ஓடுது."

"சரி, சாம்பல். எனக்குக் கந்தோருக்கு நேரமாகுது. நீ சொல்லுறதுதான் வடிவு."

"நான் இன்னும் ஒண்டும் சொல்லல்லயே."

"அதுதான் வடிவு" என்று சொல்லிவிட்டுப் பாதிக் கன்னத்தில் சவர்க்காரத்தோடு போய்விட்டார்.

அம்மா வந்தார். வெற்றிலையை மென்றபடி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆரு சுவரில கஞ்சி ஊத்தின?" என்று கேட்டார். அது ஐவரி என்றேன். "மற்றது?" ஸ்டோன் என்றேன். "அது கஞ்சிக்க அடுப்புச் சாம்பல் விழுந்தது போல இரிக்கி. என்னத்துக்கு மனே உனக்கு இந்த வேல? சிப்பிச் சுண்ணாம்ப நீத்தி அடிச்சா வேல முடிஞ்சி. உன்ட அப்பாவக் கட்டின நாளில இருந்து நான் அதத்தான் அடிச்சன்." அது மாரிக்கு நிற்பதில்லையே என்றேன். "அதுக்கென்னகா, திரும்ப அடிக்கிறதுதானே" என்றார். அம்மாவிடம் எதற்கும் பதில் இருக்கும். எனக்குக் கேள்வி மட்டும் கொடுத்துப் பெற்றிருக்கிறார்.

சுவர் வேலைக்கு ஏறாவூரிலிருந்து முகைதீன்பாவா காக்கா வருகிறார். கைராசிக்காரர். முதல் நாளே சுவரை விரல் மடித்துத் தட்டிப் பார்த்தார், உப்பை நாக்கில் வைத்துப் பார்த்தார், பிறகு சொன்னார்: "தங்கச்சி, நிறம் உங்கட விருப்பம். ஆனா இந்தச் சுவரு கீழால தண்ணி குடிக்கிது. அடிச்சாந்தக் கொத்தி எடுத்து, ரெண்டு மூணு மாசம் வெயில் காத்துப் படவிட்டு, அதுக்குப் பிறகுதான் புதுச்சாந்து பூசணும். மேலால எதப் பூசினாலும் அடுத்த மாரிக்கு உரிஞ்சிரும்."

"அதப் பிறகு பாப்பம் காக்கா. இப்ப ஐவரியா, ஸ்டோனா?"

அவர் யன்னலால் உப்பைத் துப்பினார். "ரெண்டும் ஒண்டாத்தான் உரியும்" என்றார்.

அன்றிலிருந்து அவர் தினமும் வந்து, நான் காட்டும் இடத்தில் இரண்டு சதுரம் பூசி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறார். யன்னலோரம் ஒரு சோடி, கதவுக்குப் பின்னால் ஒரு சோடி, அலுமாரி நிழலில் ஒரு சோடி. இன்றைக்கு இருபத்தாறு சதுரம். நான் சும்மா பூசிப் பார்க்கவும் இல்லை. கொப்பி ஒன்று போட்டு மணிக்கு மணி குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். காலை ஆறு மணி: ஐவரி மனசுக்கு இதம், ஸ்டோன் காய்ச்சல்காரர் முகம். பத்து மணி: வாவி வெளிச்சம் யன்னலால் ஏறியதும் ஐவரி பழைய பல்லு, ஸ்டோன் கண்ணியம். பின்னேரம் நான்கு: இரண்டும் மீன் வயிறு. இரவு லாம்பு வெளிச்சத்தில்: எது எது என்று அடையாளம் தெரியவில்லை, நாளைக்கு மூலையில் எழுத்துப் போட்டு வைக்க வேண்டும். ஏழு வருஷம் கொலிஜில் படித்தவள் நான். ரோமாபுரிச் சாம்ராச்சியம் விழுந்ததற்கு ஐந்து காரணம் நித்திரையில் கேட்டாலும் சொல்வேன். இந்த ஒரு சுவருக்கு ஒரு காரணமும் வரமாட்டேன் என்கிறது.

இனி எழுதப் போவதை அத்தானுக்கு வாசித்துக் காட்டாதீர்கள். போன வெள்ளிக்கிழமை பிள்ளையையும் தூக்கிக்கொண்டு, அம்மாவோடு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போனேன். பூக் கட்டிப் பார்ப்பார்களே, செம்பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம் மடித்துச் சுவாமிக்கு முன் வைத்து, குழந்தை எதை எடுக்கிறதோ அதுதான் சுவாமி சொல் என்று. படித்தவள் இதைச் செய்வாளா என்று கேட்காதீர்கள். செய்தாள். அதிலும், எந்தப் பூ எந்த நிறத்துக்கு என்று எனக்கே குழம்பிவிடும் என்ற பயத்தில், பூவுக்குப் பதிலாகத் தூளையே பூவரசிலையில் மடித்து நாரால் கட்டி வைத்தேன். பிள்ளையை முன்னால் இருத்தினேன். அவள் இரண்டையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், இரண்டு கையாலும் இரண்டையும் எடுத்தாள். என் பிள்ளைதான் என்பதில் அதோடு எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. நான் ஒன்றைப் பறிக்கப் போவதற்குள் மற்றதை இலையோடு வாயில் வைத்துக் கடித்துவிட்டாள். எதைக் கடித்தாள் என்று அப்போதே பார்த்திருந்தால் அதுவே தீர்ப்பு, இந்தக் கடிதத்துக்கும் வேலையில்லை. பார்க்கவில்லை. அலறிக்கொண்டிருந்தேன்.

அப்படியே வண்டில் பிடித்து டவுனுக்கு, அப்போதிக்கரி ஐயாவிடம். பிள்ளை வாயைச் சுற்றி வெள்ளையோடு சிரிக்கிறாள், நான் அழுகிறேன்.

"என்ன சாப்பிட்ட?" என்றார்.

"ஐவரி ஐயா. இல்லாட்டி ஸ்டோன். ரெண்டில ஒண்டு."

"எவ்வளவு?"

"ஒரு சதுர அடிக்குக் காணும்."

அவர் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டுப் பிள்ளையின் வாயைக் கழுவினார். தூளைத் தொட்டுப் பார்த்து, சோக்குக் கட்டி மாதிரித்தான், ஒன்றும் செய்யாது, நிறையத் தாய்ப்பால் கொடு என்றார். வந்ததுக்கு நெஞ்சையும் பார்ப்போம் என்று குழாயை வைத்துக் கேட்டார். கொஞ்சம் கூடுதலான நேரம் கேட்டார்.

"மாரியில வந்த சளி இன்னும் கொஞ்சம் கிடக்குது. புள்ள படுக்கிற அறை எப்பிடி?"

"அது இன்னும் முடிவாகல்ல ஐயா. எனக்கு ஐவரிதான் மனம். ஆனா இஞ்ச உங்கட சுவரப் பாத்தா..."

"நான் நிறம் கேக்கல்ல பிள்ள. ஈரம் இரிக்கா எண்டு கேட்டன்."

"வாவிக்கரை வீடு ஐயா" என்று மட்டும் சொன்னேன். அது பொய்யல்ல. ஆனால் அவர் கேட்டது வாவியைப் பற்றியும் அல்ல. அவர் தலையாட்டிவிட்டு மருந்து எழுதித் தந்தார். போத்தலை வாங்கிக்கொண்டு பாலத்தால் வரும்போது, அவர் வீட்டுச் சுவர் ஸ்டோனா, அல்லது அழுக்கா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டு வந்தேன். அம்மா பிள்ளையை என் மடியிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

இத்தோடு முடிந்தது என்றிருந்தேன். பிள்ளை கடிக்காத மற்றப் பொட்டலம் என் சேலைத் தலைப்பில் முடிந்து கிடந்தது. அம்மா அதைக் கண்டு, கோயிலிலிருந்து வந்ததுதானே என்று பிரித்துச் சுவாமி படத்தடியில் திருநீற்றுக் கிண்ணத்தில் கொட்டியிருக்கிறார். நேற்றுத் திங்கட்கிழமை விடிய இவர் குளித்துவிட்டு வந்து, கண்ணை மூடிக்கொண்டு மூன்று விரலால் அள்ளி, நெற்றி முழுக்க இட்டுக்கொண்டு கச்சேரிக்குப் போய்விட்டார். பின்னேரம் நல்ல சந்தோஷமாக வந்தார். "பெரிய கிளாக்கர் கேட்டார், என்ன நல்லரத்தினம், இண்டைக்கி முகத்தில ஒரு குளிர்ச்சி இரிக்கி எண்டு" என்றார். எனக்கு விளங்கிவிட்டது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் யன்னலடியில் நிறுத்தி, "அசையாதீங்க" என்று சொல்லிப் பார்த்தேன். ஸ்டோன். சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது. ஆனால் இவர் மாநிறம், எதுவும் எடுக்கும். சுவர் அப்படியா? அதோடு, பிள்ளை கடித்தது ஐவரி என்றும் தெரிந்தது; ஐவரிக்கு ஒரு வாய், ஸ்டோனுக்கு ஒரு நெற்றி, கணக்குத் திரும்பவும் சமம்.

"நாள் முழுக்கச் சுவர்த்தூளப் பூசிக்கொண்டோ நான் கச்சேரியில இருந்தன்?" என்றார், விஷயத்தைச் சொன்னதும்.

"உரியல்லயே. காலையில இட்டது இன்னும் நிக்குது."

இவர் கதிரையில் உட்கார்ந்தார். கோபம் வந்தால் இவருக்குக் குரல் இறங்கிவிடும். "புள்ளைக்குத் தின்னக் குடுத்த. எனக்கு நெத்தியில பூசின. இன்னும் பூசாம இரிக்கிறது சுவர் ஒண்டுக்குத்தான்" என்றார். அப்பா பின்வளவில் இருந்து சிரித்தது எனக்குக் கேட்டது.

ஆகவே, அக்கா, கடைசிப் புகலிடம் நீங்கள்தான். ஐவரி பூசினால் மாமி "சுவரு பழுத்துப் போயிரிக்கி" என்பார். ஸ்டோன் பூசினால் "இதென்ன ஆஸ்பத்திரியா" என்பார். நீங்கள் சின்ன வயதிலேயே ஒரு வார்த்தையில் தீர்ப்புச் சொல்கிறவர். பாவாடைத் துணியா, பள்ளிக்கூடமா, மாப்பிள்ளையா, எதற்கும் உங்களுக்கு ஒரு நிமிஷம் போதும். இத்துடன் இரண்டு கடதாசி மடிப்பில் இரண்டு சிட்டிகைத் தூள் வைத்திருக்கிறேன். காலை வெளிச்சத்திலும் பின்னேர வெளிச்சத்திலும் பார்க்கவும். பார்க்கும்போது பிள்ளைகளைத் தூர விடவும், அத்தானை அதைவிடத் தூர விடவும். ஐவரி என்றோ ஸ்டோன் என்றோ ஒரு சொல் எழுதினால் போதும். நீங்கள் சொல்வதற்கு எதிராக நான் ஒரு மணி நேரத்துக்குமேல் யோசிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் மூவருக்கும் கன்னத்துக்கு ஒன்றாக ஆறு முத்தம். உங்கள் வீட்டில் சுவர்கள் உலர்ந்தும் அடுப்பு எரிந்தும் எல்லா நலமும் பெருகட்டும்.

இப்படிக்கு,
ஒன்றையும் முடிவு செய்யத் தெரியாத உங்கள் தங்கை,
தங்கேஸ்வரி.

பின்குறிப்பு: புதன் காலை, ஏழு மணி.

கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் நம் வீட்டுக்குச் சலவை செய்யும் கட்டாடியார் வினாயகமூர்த்தி அண்ணர் அம்மாவோடு வந்தார். திங்கட்கிழமைக்கு அளவெடுக்க வந்திருக்கிறார். எதற்கு அளவு என்று கேட்டேன். "வெள்ள கட்டத்தான் பிள்ள" என்றார். விசேஷ வீட்டில் மேலே வெள்ளை விதானம் கட்டி, நாலு சுவரையும் முகட்டிலிருந்து தரை வரைக்கும் சலவைச் சீலையால் மறைப்பது நாம் பிறந்த நாளிலிருந்து பார்க்கிற வழக்கம். என் கல்யாணத்துக்கும் இதே அறையில் இந்த அண்ணரே வெள்ளை கட்டினார். பதின்மூன்று நாளில் ஒரு தரமாவது அது என் நினைவுக்கு வந்திருக்கலாம்.

"சுவரயும் மறைப்பீங்களா அண்ணர்?"

"மறைக்காம? எந்த விசேஷத்துக்குப் பிள்ள சுவரு தெரிஞ்சிரிக்கி?"

அம்மாவைப் பார்த்தேன். "இத ஆரும் உனக்குச் சொல்லித் தரணுமா? நீ விசேஷத்துக்கில்ல, மாரி ஈரத்துக்குத்தான் பூசுறாய் எண்டு இருந்தன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்து, நிறுத்த முடியாமல் சிரித்தேன். அந்தச் சத்தத்தில் பிள்ளை தொட்டிலில் விழித்து, அழாமல், இரண்டு தரம் இருமினாள். சின்ன இருமல்தான்.

நான் ஆசைப்பட்டது சும்மா கைக்கு வந்துவிட்டது, அக்கா. மாமி வருவார், வெள்ளைச் சீலையைப் பார்ப்பார், சாப்பிடுவார், போவார். ஈரம் ஒருவருக்கும் தெரியாது. தொட்டிலுக்குப் பின்னால் சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். மாசி முடியப்போகிறது, வெளியில் மண் காய்ந்து கிடக்கிறது, என் உள்ளங்கை நனைந்து வந்தது. கட்டாடியாரிடம், "மேலுக்கு மட்டும் கட்டுங்க அண்ணர், சுவரு அப்படியே கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். "மாமி கண்டா?" என்றார் அம்மா. "காணட்டும். அவவுக்கு நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன்" என்றேன். முகைதீன்பாவா காக்கா வந்ததும் இரண்டு முழச் சாந்தையும் கொத்தி எடுக்கச் சொல்லப்போகிறேன். பிள்ளைக்குச் சோறு தீத்தும்போது சுவரில் வெறும் செங்கல்தான் தெரியும்.

ஆகையால் மேலே எழுதியது எதற்கும் பதில் வேண்டாம். தூளையும் கொட்டிவிடுங்கள். நான் கேட்க வேண்டியது வேறொன்று. நானும் இதே அறையில்தான் பிறந்து, இதே சுவரோரம் தொட்டிலில் கிடந்தேன். எனக்கு அது நினைவில்லை, உங்களுக்கு அப்போது எட்டு வயது. மாரிக் காலத்தில் நான் இருமினேனா? அம்மாவைக் கேட்டால் ஒரு நாளும் இல்லை என்பார், வீடு அவர் தந்தது. நீங்கள் உள்ளதை எழுதுங்கள். இருமினேன் என்றால், மாமி வாய் திறப்பதற்கு முன் நானே கல்முனைக்குப் பெட்டி கட்டுவேன்; சுவர் காய்ந்த பிறகு திரும்பி வரலாம்.

தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.